பெண் பார்க்க வந்தவர்களுக்கு எள்ளுருண்டை

தட்டை நோக்கி வந்த கை பாதி வழியில் நின்றது.

கை நிறைய வளையல். கை நின்ற பிறகும் வளையல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசிவிட்டு அடங்கின. அதற்கப்புறம் எங்கள் வீட்டுக் கூடத்தில் சத்தம் போட்டது மின்விசிறி மட்டும்தான்.

"இது என்னது?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"எள்ளுருண்டை" என்றேன் நான், பரிசு வாங்கப்போகிறவளின் குரலில்.

அந்த அம்மாள் பெயர் கோதையம்மாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிற வீடு அவருடையது. மகனுக்கு என்னைப் பெண் பார்க்க ராஜபாளையம் வந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர், வெண்கலப் பானைக்குச் சட்டை போட்டதுபோல. அந்தப் பக்கம் மாப்பிள்ளை. நான் தட்டோடு வந்ததிலிருந்து மின்விசிறியின் இறக்கைகளையே சரிபார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் அம்மா. நாற்காலி நுனியில் அப்பா. அப்பாவின் முகத்தில் விடிந்ததிலிருந்து ஒரு சிரிப்பு மாட்டியிருந்தது. அது இப்போது ஒரு பக்கம் ஆணி கழன்ற படம்போலச் சாய்ந்தது.

தட்டில் எள்ளுருண்டை மட்டுமா இருந்தது? வட்டம் வட்டமாக வெள்ளரிக்காய், முளை விட்ட பச்சைப்பயறு, தேங்காய்க் கீற்று. காபி இருக்க வேண்டிய டம்ளர்களில் கருப்பட்டி போட்ட எலுமிச்சைச் சாறு.

இந்தத் தட்டு அந்தக் கூடத்துக்கு எப்படி வந்தது என்று சொல்லாமல் மேலே போனால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். சொன்ன பிறகும் நினைக்கலாம். ஆனால் காரணத்தோடு நினைப்பீர்கள்.

யானையிடம் குக்கர் இருக்கிறதா?

போன வாரம் இந்தப் பத்தியில் உங்களை டைப்ரைட்டிங் பள்ளியின் வாசலில் நிறுத்திவிட்டு வந்தேன். எண்பதுகளின் கடைசி அது. எங்கள் ஊரில் பி.எஸ்ஸி. தாவரவியல் முடித்த பெண்ணுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, டைப் அடிக்கக் கற்றுக்கொள்வது. இன்னொன்று, 'பொண்ணு டைப் படிக்கா' என்று மாப்பிள்ளை வீடுகளில் சொல்லப்படுவதற்காக உயிரோடு இருப்பது.

அந்தப் பள்ளிக்கு மேல் மாடியில் ஞாயிறுதோறும் ஒரு கூட்டம் நடக்கும். ஒருநாள் கரண்ட் போய், மேலேயாவது காற்று வரும் என்று படியேறினேன். காற்று இல்லை. தபால் ஆபீஸ் கிளார்க் தனுஷ்கோடி சார் இருந்தார்.

"மனுசன் செஞ்ச மொதத் தப்பு எது? அடுப்பு! சிங்கம் அடுப்பு பத்த வைக்குதா? யானை குக்கர் வச்சிருக்கா?"

யானை வைத்திருக்கவில்லை என்பதை நான் உடனே ஒப்புக்கொண்டேன்.

அவர் வரிசையாகத் தண்டனை கொடுத்துக்கொண்டே போனார். வெள்ளைச் சீனி விஷம். மைதா விஷம். தீட்டிய அரிசி பிணம். அடுப்பை விட முடியாதவர்களுக்குக் கேப்பை, கம்பு, எள், கருப்பட்டி மட்டும் சலுகை. கறி, மீன், முட்டையைப் பற்றி அவர் பேசவே இல்லை. தூக்குத் தண்டனை நிறைவேறிய வழக்கை யார் மறுபடி விசாரிப்பார்கள்? சைவம் என்பது அவருக்குப் பாதி வழியில் நின்றுவிட்ட பஸ். "மாட்டுப் பால் கன்னுக்குட்டிக்கு. இங்க உக்காந்திருக்கதுல யாரு கன்னுக்குட்டி?" என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. பாலும் தயிரும் மோரும் நெய்யும் அத்தோடு போயின. காலையில் ஓட வேண்டும், அல்லது வேகமாக நடக்க வேண்டும் என்பது கடைசிச் சட்டம்.

நான் எதையும் பாதியாக நம்புகிற ரகம் இல்லை. சாயங்காலத்துக்குள் முழுதாக நம்பிவிட்டேன்.

தனுஷ்கோடி சாரைப் பிறகு ஒரு நாள் பஜாரில் பரோட்டாக் கடையில் பார்த்தேன். சால்னாவில் பரோட்டா ஊறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் இலையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"ஆராய்ச்சிம்மா. எதிரி எப்படி இருக்கான்னு தெரிஞ்சுக்கிடணும்லா?"

எதிரியை அவர் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கி ஆராய்ந்தார். என் நம்பிக்கை அதனால் ஒன்றும் குறையவில்லை. சட்டம் சரிதான், ஆள்தான் பரோட்டா என்று முடிவு கட்டினேன்.

வீட்டில் அம்மாவிடம் கேப்பைக் கூழும் கம்பஞ்சோறும் கேட்டேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, கூழு குடிச்சு வளந்து, அரிசிச் சோறு திங்கிற நெலமைக்கு வர எம்புட்டுப் பாடு பட்டிருக்கோம். மறுபடியும் கூழு குடிக்கதுக்கா ஒன்னய காலேசுக்கு அனுப்புனேன்?"



பச்சைப்பயறும் எள்ளும் வாங்கத் தெருமுனைப் பலசரக்குக் கடைக்குப் போவேன். கடைக்காரர் காதர் மாமா. நான் கேட்டதை எடை போட்டுவிட்டுப் பொட்டலத்தைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பாப்பா, வீட்ல மாடு வாங்கியிருக்கீகளா?"

"இல்ல மாமா, எனக்குத்தான்."

"அதான பாத்தேன். மாடுன்னா பேரம் பேசி வாங்கும்."

ஓடினால் காட்டுப்பன்றி

ஓடுவது அதைவிடக் கஷ்டம். ராஜபாளையம் நாய்களைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. வெள்ளை வெளேரென்று, ரோஜா நிற மூக்கோடு, காட்டுப்பன்றியை விரட்டுவதற்கென்றே பிறந்த சாதி. எங்கள் ஊரில் நடந்தால் மனிதர், ஓடினால் பன்றி. நாய்களுக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை.

முதல் நாள் நான் சஞ்சீவி மலை அடிவாரம்வரை ஓடியதாகக் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னேன். துரத்தப்பட்டேன் என்பதுதான் சரியான சொல்.

இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு நாயையே கூட்டிக்கொண்டேன். அதன் பெயர் ராணி. பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுவார்கள்; ராணிக்கும் தெலுங்குதான். நான் தமிழில் 'நில்லு' என்றால் ஓடும், 'ஓடு' என்றாலும் ஓடும். எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்ததில்லை.

விடியற்காலையில் மில் சங்கு ஊதும். ஷிப்ட் முடிந்தவர்கள் தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்ட, கிழவர்கள்போல வெளியே வருவார்கள். அவர்கள் நடுவே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, சுடிதார், ஒரு வேட்டை நாய் சகிதம் நான் ஓடுவேன். ஷூ அழுக்கானால் சாக்பீஸ் தேய்த்து வெளுப்பாக்கி வைப்பேன். ஈரத் துணியில் சாக்பீஸ் வாசம் இன்றைக்கும் எனக்கு ஓட்டத்தின் வாசம்தான்.

"யாரு மக அது? எதுக்கு ஓடுது?"

"பஸ்ஸு போயிருச்சோ என்னமோ."

"தெனமுமா பஸ்ஸு போவும்?"

ஒன்றை மட்டும் கிண்டல் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்து என்னைப் பிடித்திருந்த தலைவலி போனது. படியேறினால் இரைக்கிற மூச்சு அடங்கியது. மலை அடிவாரத்தில் நின்று, வியர்வை காய, முதல் வெயில் மலையில் இறங்குவதைப் பார்க்கும்போது, டைப் அடிக்கிற பெண்ணாகவும் இல்லாமல், பார்க்கப்படுகிற பெண்ணாகவும் இல்லாமல், சும்மா ஒரு உடம்பாக இருப்பேன். அந்த அரை மணி நேரத்துக்காக நான் எதையும் விட்டுக்கொடுத்திருப்பேன்.

விட்டுக்கொடுக்கச் சொன்னது என்னவோ அந்த அரை மணி நேரத்தைத்தான்.

அப்பாவின் நிபந்தனை

அப்பா மில்லில் ஃபோர்மேன். ஓடுகிற எந்திரங்களை ஓடவிடுவது அவர் தொழில். ஓடுகிற மகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வந்த வரன்கள் தெருமுனையிலேயே விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயின. செட்டியார்பட்டியிலிருந்து வந்த ஒரு வரன், 'பொண்ணுக்குக் காத்துக் கருப்பு ஏதும் உண்டுமா? விடியக்காலம் ஓடுதாமே' என்று தரகரிடம் கேட்டிருக்கிறது.

அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"வசந்தா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ஒரு எடம் வருது. பெரிய எடம். இது அமைஞ்சுட்டா பொறவு ஓடுறதும் நிக்கிறதும் ஒம் புருசன் பாடு. அமையலன்னு வையி, அந்த ஜோடு பரண்ல ஏறிரும். பொறவு அது எறங்காது."

"சரிப்பா. ஆனா தட்டு என்னுது. நான் சாப்பிடாததை அடுத்தவகளுக்கு நீட்ட மாட்டேன்."

பழத்தட்டு என்று நினைத்து அப்பா தலையாட்டிவிட்டார். அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று நெய் சொட்டச் சொட்டக் கேசரி கிண்டி, காபிக்குப் பால் காய்ச்சி, இரண்டாவது பந்தியாக அடுக்களையில் ஒளித்துவைத்திருந்தார்.

இடம் பால்கோவா வீடு என்பது எனக்கு முந்தின நாள்தான் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே காற்றில் காய்கிற பால் வாசம் அடிக்கும். அந்த வாசத்தில் சமைந்த குடும்பம். வேறு யாராவதாக இருந்தால் பயந்திருப்பார்கள். எனக்கு உற்சாகம் வந்தது. பாலை விட எள்ளில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்று தனுஷ்கோடி சார் சொல்லியிருந்தார். பால்கோவா வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறு என்ன இருக்க முடியும்?

எள்ளை வறுத்து, இடித்து, கருப்பட்டி சேர்த்து, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டினேன். கன்னங்கரேலென்று, மினுமினுவென்று, ஒன்றைப் போல ஒன்று. அவ்வளவு அழகான உருண்டைகளை நான் அதற்கப்புறமும் பிடித்ததில்லை.

எள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அமாவாசைக்கு அப்பா எள்ளும் தண்ணீரும் இறைப்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள். கருமாதி வீட்டுக் கறுப்பு எள்ளைத் தாண்டிக் குதித்து வந்தவள். ஆனால் சத்தைப் படித்த வேகத்தில் சாத்திரம் மறந்துபோனது. தாவரவியல் பாடத்தில் எள் ஒரு எண்ணெய் வித்து, அவ்வளவுதான்.

எள்ளும் கன்றுக்குட்டியும்

"எள்ளா?" என்றார் கோதையம்மாள், நீட்டிய கையை மடிக்கு இழுத்துக்கொண்டு. "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல எள்ளா? எங்க வீட்ல யாரு செத்துட்டான்னு நெனைச்சீக?"

கதவுக்குப் பின்னால் அம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கூடத்துக்கே கேட்டது.

நான் அமைதியாக இருந்திருக்கலாம். ஆனால் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பதில் தெரிந்த கேள்விக்குச் சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை.

"அது அப்படி இல்லங்கம்மா. எள்ளுல சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி. பாலை விட!"

வெண்கலப் பானைக்கு முதல் தடவையாக உயிர் வந்தது. "பாலை விடயா?" என்றார் கோதையம்மாளின் கணவர். அவர் குரலில் கோபம் இல்லை. வீட்டுக்கு அடியில் இருந்த நிலம் வேறு யார் பேரிலோ இருக்கிறது என்று கேள்விப்பட்டவரின் குரல் அது.

ஆனால் நல்ல மனிதர். நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "சரி விடு, சின்னப் பிள்ள. நாம கொண்டாந்ததப் பிரி. பொண்ணு வாயில ஒரு விள்ளல் போடு, எல்லாம் சரியாயிரும்."

அது அவர்கள் வீட்டு வழக்கம் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். பெண் பிடித்திருந்தால் மாமியார் தன் கையால் பால்கோவா ஊட்டுவார். பெண் வாய் திறந்து வாங்கிக்கொண்டால் முடிந்தது பேச்சு. தாம்பூலம், தேதி எல்லாம் பிறகு சும்மா எழுதிக்கொள்வதுதான்.

கோதையம்மாள் பட்டர் பேப்பரைப் பிரித்தார். மணம் கூடம் முழுக்கப் பரவியது. இளஞ்சூடு இன்னும் இருந்தது. ஒரு விள்ளலை எடுத்து, என் முகத்துக்கு நேரே நீட்டினார். முறைத்த முகம் கொஞ்சம் கனிந்துகூட இருந்தது.

"ஆ காட்டுத்தா."

அப்பா என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை மில்லில் பெல்ட் அறுந்துபோகும் தருவாயில்தான் அவர் பார்த்திருப்பார்.

நான் வாயைத் திறந்தேன். வாங்கிக்கொள்ள இல்லை, பேச.

"இது கன்னுக்குட்டிக்கு உரியதுங்கம்மா."

மின்விசிறியிலிருந்து மாப்பிள்ளையின் கண் முதல் தடவையாகக் கீழே இறங்கியது. என்னைப் பார்த்தார். பிறகு தன் அம்மாவைப் பார்த்தார். பிறகு, இறக்கைகளே பத்திரம் என்று மேலே போய்விட்டார்.

கோதையம்மாள் அந்த விள்ளலைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். பொருளை வீணாக்குகிற குடும்பம் இல்லை அது. எழுந்தார். எழும்போது ஒரு கை நாற்காலியில், ஒரு கை முட்டியில். வாசல்படி இறங்கும்போது நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, குழந்தைபோலப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார்.

அப்போதும் நான் சும்மா இருக்கவில்லை.

"முட்டி வலியாம்மா? காலையில கொஞ்சம் நடந்தீங்கன்னா போயிரும். நான் சொல்லித் தாரேன்."

கடைசிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தார். ரிக்ஷாக்காரர்கூட என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பரண்

ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் வந்து சொன்னார். ஜாதகம் பொருந்தித்தான் பெண் பார்க்கவே வந்தார்கள். ஆனாலும் நம் பக்கத்தில் அதுதான் மரியாதையான வார்த்தை. ஜாதகம் பாவம், எல்லாப் பழியையும் தாங்கும்.

அப்பா ஸ்டூலைப் போட்டு ஏறினார். பித்தளைக் குத்துவிளக்குக்கும் உடைந்த மேசை ஃபேனுக்கும் நடுவே என் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போய் உட்கார்ந்தது. கீழே இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார். சாக்பீஸ் தூள் கொஞ்சம் வெயிலில் பறந்தது.

மறுநாள் சங்கு ஊதியபோது ராணி எங்கள் வாசலுக்கு வந்தாள். கதவைப் பிராண்டினாள். நான் பாயிலேயே கிடந்தேன். நகம் மரத்தில் கீறுகிற சத்தம் நின்று, நின்று, மறுபடி வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் தெலுங்கில் ஏதோ அதட்டி இழுத்துக்கொண்டு போனார். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாள் வரவில்லை. நாய்க்குப் புரிந்துவிட்டது.

எனக்குத் தலைவலி திரும்ப வந்தது. அம்மா காபி போட்டுக் கொடுத்தார். குடிக்கவில்லை. ஷூவைத்தான் பரணில் ஏற்ற முடியும், வாயை ஏற்ற முடியாதே. காபி ஆறி ஆடை கட்டியது. அம்மா அதைக் குடித்துவிட்டு, எனக்கு ஒரு கிண்ணத்தில் பச்சைப்பயறை வைத்தார். முளை விட்டிருந்தது. எப்போது ஊறப்போட்டார் என்று நான் கேட்கவில்லை.

கையில் கூடை இல்லாத பெண்

கொஞ்ச நாள் கழித்து, அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், வாசலில் ரிக்ஷா வந்து நின்றது. பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி வந்தார் கோதையம்மாள். தனியாக. கையில் ஒரு ஒயர் கூடை.

வீட்டில் பூகம்பம். அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார். அம்மா கேசரிக்கு ரவையை வறுக்கத் தொடங்கிவிட்டார். ஜாதகம் தானாகத் திரும்பிப் பொருந்திவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

"ஒண்ணும் வேணாம், உக்காருங்க" என்றார் கோதையம்மாள். "எம் மகனுக்குச் சுந்தரபாண்டியத்துல முடிச்சாச்சு. பால் குடிக்கிற பொண்ணு."

ரவை வாசம் அடுக்களையில் அப்படியே நின்றது.

"நான் வந்தது இந்தப் பிள்ளையப் பாக்க. மதுர டாக்டரு, நடக்கலன்னா படுத்துருவேன்னு சொல்லிட்டாரு. நடக்கச் சொல்லித் தாரேன்னு இவ சொன்னாள்லா? அதான் வந்தேன்."

"அவ சின்னப் பிள்ள, தெரியாம ஏதோ…" என்று இழுத்தார் அப்பா.

"மருமகளா வேணாம்னுதான சொன்னேன்? நடக்கதுக்கு வேணாம்னு சொன்னேனா?"

அப்பாவுக்கு இதில் எந்தத் திருகு கழன்றிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "உங்க ஊர்லயே நடக்கலாமேம்மா" என்று கேட்டார்.

கோதையம்மாள் சிரித்தார். "நல்லாச் சொன்னீக. எங்க தெருவுல பொம்பள கையில கூடை இல்லாம நடந்தா, எதுக்கு நடக்கான்னு கேப்பாக. நான் வெறுங்கைய வீசிட்டுப் போனேன்னு வைங்க, கடைய வித்துட்டோம்னு பொழுது சாயுறதுக்குள்ள பேச்சு வந்துரும். அதுக்குத்தான் ஒரு யோசன. கோயிலச் சுத்துனா எவன் கேப்பான்?"

எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கல்யாணம் தள்ளிப்போகிற பெண்கள் ஆண்டாள் கோயிலுக்கு வேண்டிக்கொள்வதும், வெள்ளென எழுந்து சுற்றி வருவதும் ஊரறிந்த வழக்கம். தெருவில் ஓடினால் காத்துக் கருப்பு; கோயிலைச் சுற்றி ஓடினால் பக்தி.

"ரத வீதி நாலையும் சுத்துவோம். நான் தொணைக்கு வாரேன். பிள்ளைக்கு நல்ல எடமா அமையணும்னு வேண்டுதல். முடியாதுன்னு சொல்லுவீகளா?"

மகளுக்குக் கல்யாணம் கூடி வரட்டும் என்று, வேண்டாமென்று சொன்ன மாமியாரே வந்து கேட்கிறார். எந்த அப்பா முடியாது என்பார்? எங்கள் அப்பா உள்ளே போய் ஸ்டூலை எடுத்துவந்தார். தானே ஏறினார். ஷூவை எடுத்து, வேட்டி நுனியால் தூசி துடைத்து, கீழே நின்ற என்னிடம் நீட்டினார். குத்துவிளக்கும் கூடவே இறங்கியது. நல்ல காரியம் கூடிவிட்டதென்றே அம்மா முடிவு செய்திருந்தார்.

போகும்போது கோதையம்மாள் என்னிடம் மட்டும் சொன்னார். "அன்னைக்கு எம் மகன் உன் எள்ளுருண்டை ரெண்ட பேன்ட் பையில போட்டுட்டு வந்துட்டான். வெளுக்கப் போடையில பாகு ஒட்டிக் கெடந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சுன்னான். கல்யாணத்துக்கு ஆவாது, திங்க ஆவும்னான்."

முதல் நாள் விடியற்காலை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கினேன். கோதையம்மாள் கிழக்கு ரத வீதி தாண்டுவதற்குள் உட்கார்ந்துவிட்டார். நான் முழங்கையைப் பிடித்துத் தூக்கினேன். வேண்டுதல் என்பதால் வெறுங்கால். ராத்திரிக் குளிர்ச்சி வீதிக் கல்லில் இன்னும் மிச்சமிருந்தது. பரணிலிருந்து மீட்ட ஷூ கோதையம்மாளின் ஒயர் கூடையில், துளசிக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல் சுற்றி வந்தது. திரும்பிப் போகையில் பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொள்வேன். ராஜபாளையத்தில் இறங்கி வீடுவரை ஓட்டம். ராணி தெருமுனையிலேயே காத்திருப்பாள். கேட்பவர்களுக்கு, கோயிலிலிருந்து வருகிறேன். பிரசாதத்தைக்கூட நின்று கொடுக்காமல் ஓடுகிற அளவுக்குப் பக்தி என்று எங்கள் தெரு சொல்லிக்கொண்டது.

மாப்பிள்ளை பார்க்கும் படலம்

மார்கழி முடிவதற்குள் கோதையம்மாள் நாலு வீதியும் நிற்காமல் சுற்றினார். வாசல்படியை நேராக இறங்கினார். அந்த வீதிகளில் இன்னும் சில அம்மாள்கள் சேர்ந்துகொண்டார்கள். எல்லார் கையிலும் கூடை, எல்லார் கூடையிலும் பூ, யாருக்கும் என்ன வேண்டுதல் என்று தெரியாது. இடுப்புச் சுற்றளவு இறங்கியது என்பது மட்டும் தெரியும்.

தை பிறந்ததும் எனக்கு ஒரு வரன் வந்தது. தளவாய்புரத்து மாப்பிள்ளை, கூட்டுறவு பாங்கியில் வேலை. அப்பாவுக்குப் பரம சந்தோஷம். வேண்டுதல் பலித்துவிட்டதே! பெண் பார்ப்பதைக் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கோதையம்மாள் சொல்லிவிட்டார். அவரை மீறி எங்கள் வீட்டில் இப்போது ஒரு காரியமும் நடப்பதில்லை.

மாப்பிள்ளை இஸ்திரி மடிப்புக் கலையாத பேன்ட்டோடு தேரடியில் நின்றார். கோதையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்கக்கூட இல்லை.

"வாங்க தம்பி, ஒரு சுத்து சுத்திட்டு வந்து பேசுவோம்."

அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் தேரடி நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். நாங்கள் கிளம்பினோம். கிழக்கு வீதியில் மாப்பிள்ளை தன் சம்பளத்தைப் பற்றிச் சொன்னார். தெற்கு வீதியில் பிராவிடண்ட் ஃபண்டு பற்றிப் பாதி சொன்னார். மேற்கு வீதியில் ஒன்றும் சொல்லவில்லை; வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். வடக்கு வீதி திரும்பிப் பார்க்கிறோம், ஆளைக் காணோம். டீக்கடை பெஞ்சில், ஒரு கையில் பன் பட்டர் ஜாம், ஒரு கையில் இரட்டைச் சீனி போட்ட பால் டீ. எங்களைப் பார்த்து, நீங்கள் போங்கள், நான் வந்துவிடுகிறேன் என்று ஜாடை காட்டினார்.

நான் சிரித்தது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். கோதையம்மாள் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் எள்ளைப் பார்த்த அதே முகம்.

தேரடிக்கு வந்ததும் அப்பாவைத் தனியே கூப்பிட்டார்.

"ஜாதகம் பொருந்தலன்னு சொல்லி விட்ருங்க."

"ஏம்மா, ஜாதகம் பொருந்தித்தான…"

"நாலு வீதி சுத்த முடியலன்னா என்ன பொருத்தம்? நாளைக்குப் பிள்ள இவரத் தூக்கிக்கிட்டா ஓடும்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தேரைப் பார்த்தேன். அவருக்கு என்ன தோன்றியதோ, பொத்தானைச் சரிசெய்துகொண்டு மாப்பிள்ளையின் அப்பாவிடம் போனார். ஜாதகத்தின் தலையில் இன்னொரு பழி ஏறியது.

வேண்டுதல் நிறைவேறவில்லை. ஆகவே சுற்றுவதை நிறுத்த வேண்டியதில்லை என்று கோதையம்மாளே தீர்ப்புச் சொன்னார். தேர்ச்சக்கரத்துக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒயர் கூடைக்குள் கையை விட்டுத் துளசியையும் என் ஷூவையும் விலக்கி, நான் காலையில் வைத்த பொட்டலத்தைத் தேடினார்; அகப்படவில்லை.

"ஏட்டி, இப்ப நல்ல காரியம் ஒண்ணும் நடக்கலைலா?"

"இல்லம்மா."

"அப்ப அந்த எள்ளுருண்டைய எடு."